சம்சாரம் இல்லாத பிரயாணி

ஆவுடை,

கப்பைக்கிழங்கு வேகவைத்து மூடியிருக்கிறேன். அடிப்பிடித்த புகையில் நம் கொச்சங்காடித் தெருவே இருமியது, பயப்படாமல் சாப்பிடு. சாவி பக்கத்து வீட்டு மரியம் சேச்சியிடம்.

நான் மூன்று மாதம் தனியாக உலகம் சுற்ற எந்தக் கப்பல் கம்பெனி என்று இன்று முடிவு சொல்ல வேண்டும். ஒன்றில் தினமும் ஏழு வேளைச் சாப்பாடாம். மற்றதில் யானையே நீந்துகிற குளமாம்.

நேற்று கப்பல் டிக்கெட் போடுகிற ஆபீசில் ஒரு கூத்து. ஃபாரத்தில், கூட வருபவர் என்ற இடத்தில், "சம்சாரம் இல்ல" என்று மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். பெண்டாட்டி வரவில்லை என்றுதான். நாற்பது வருஷம் இங்கே குப்பை கொட்டியும், மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு என்பது மறந்துபோச்சு. கிளார்க் சேட்டன், "அய்யோ பாவம், ஊமையாணு!" என்று கை ஜாடையில் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லையே! ஏழு வேளைக் கம்பெனி ஊமையைத் துணையில்லாமல் ஏற்றாதாம். குளக் கம்பெனி ஏற்றுமாம்.

படகில் ஏறியும் சிரித்தேன். பாதிக் காயலில் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "இவ வாய்க்கு ஒரு பூட்டு போதாது" என்று நான் உன்னைக் கேலி பண்ணி, நீ என்னோடு பேச்சை நிறுத்தி நாற்பத்தொரு நாள். இரண்டு பாஷையிலும் எனக்குச் சம்சாரம் இல்லை. தனியாகக் கடலைப் பார்க்க ஆசையும் இல்லை; இந்த வீட்டில் இருக்கவும் முடியவில்லை.

நாலு மணி வரை படகு ஜெட்டியில் இருப்பேன். எந்தக் கம்பெனி என்று வந்து சொல்.

பி.கு: இத்தனை நாளாய் அடுப்படியில் வைக்கிற மாதிரி சீட்டு எழுதி அனுப்பாதே. திட்டினாலும் வாயால் திட்டு.