ஹாலாஸ்யம் கடை வாடிக்கைக்காரர்

கீழக்குயில்குடி,
18-10-1936

மதிப்புக்குரிய ராஜாராமன் ஐயா அவர்களுக்கு, நல்லகாமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சோலையம்மாளும் பிள்ளைகளும் அண்ணன் குடும்பமும் சுகம். மதனப்பள்ளி ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டு விஜயம் அம்மாளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிய ஆவலாக இருக்கிறோம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான்கு பக்கமும் பெரும்பாலும் என்னைப் பற்றியும் கடிகாரத்தைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறீர்கள். கடிகாரக் கடைப் பிச்சுமணி உங்கள் பழைய ஆபீஸ் விலாசத்துக்குப் போட்ட கார்டு ஊர் சுற்றி இப்போதுதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. "தங்கள் தங்கக் கடிகாரம் களவு போனதா? கீழக்குயில்குடி ஆசாமி ஒருவர் கொண்டு வந்திருக்கிறார்" என்று அவன் கேட்டிருப்பதைப் படித்த அன்றே எனக்கு எழுத உட்கார்ந்தீர்கள் என்கிறீர்கள். கடிகாரத்தைத் திருப்பி அனுப்பிவிடு, பணத்தை எப்படியும் கொடுத்துத் தீர்க்கிறேன், கடைக்காரர் ஹாலாஸ்யத்துக்கு உள்ளதை உள்ளபடி நானே எழுதிவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் ஐயா. அந்தக் கார்டு எழுதப்பட்டது ஆடி மாதம். அதற்குப் பிறகு நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

தை மாதம் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் அம்மாளின் வைத்தியச் செலவுக்காக என்னிடம் கடிகாரத்தை விற்றபோது நான் சீட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மாடு கை மாறினாலும் நிலம் கை மாறினாலும் தெரிந்தவர்களுக்குள் வாக்குத்தான். உங்களிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று சொன்னால் அது என் வாய்க்கு அசிங்கம் என்று நினைத்தேன். அண்ணன் சின்னச்சாமி காளை வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கடனாக் குடுத்தா வாங்க மாட்டாருங்கற. சரி, கடிகாரத்தையே வாங்கிக்க. காளை அடுத்த வருசமும் சந்தைக்கு வரும்" என்றது. சோலையம்மாள்தான், "பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறதுக்கா தங்கத்துல கடிகாரம்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்காக என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் கடிகாரம் நின்றுவிட்டது. மதுரையில் யாரிடம் காட்டலாம் என்று விசாரித்தேன். அந்தச் சுவிஸ் கம்பெனிச் சாமானைத் தொடுகிற தகுதி மேலமாசி வீதி ஹாலாஸ்யம் ஒருவருக்குத்தான், ஆனால் தன் கடையில் வாங்காததை அவர் பழுது பார்க்க மாட்டார் என்றார்கள். பெரிய கடைக்குப் பழைய சாமானோடு வெறுங்கையாகப் போகக் கூடாது என்று நினைத்து, தோட்டத்துக் கத்தரிக்காயும் ஒரு வாழைத்தாரும் எடுத்துக்கொண்டேன். வெளுத்த சட்டை, கோட்டு. கடிகாரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பம். ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னேன். ஹாலாஸ்யம் மூடியைத் திறந்தார். உள்பக்கத்தில் ஊசியால் கீறின அவருடைய கடைக் குறி இருந்தது. உங்கள் கல்யாணத்துக்கு மாமனார் அவரிடம் வாங்கிய கடிகாரம் அது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லவில்லை. அவர் பிச்சுமணியைப் பார்த்தார். பிச்சுமணி அவருடைய தங்கை மகன், கடையில் உதவிக்கு இருப்பவன். உடனே, "வாங்கோ, உள்ளே வந்து உட்காருங்கோ" என்று மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டான். பக்கத்துக் காப்பி கிளப்பிலிருந்து காப்பி வந்தது. வாழைத்தாரை இரண்டு கையாலும் வாங்கி வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை ஐயா. நல்ல கடிகாரம் வைத்திருக்கிற மனுஷனுக்கு மதுரையில் இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப் போனேன்.

காப்பி முடிந்ததும் பிச்சுமணி குரலைத் தாழ்த்தி, "சொந்தக்காரர் நமக்கு வேண்டியவர். பார்த்து, நியாயமாச் சொல்லுங்கோ. போலீஸுக்கெல்லாம் போக மாட்டோம்" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. துப்புக்கூலி நீங்கள் எங்கள் பக்கத்தில் உத்தியோகம் பார்த்தபோது கேள்விப்பட்டதுதானே? களவு போன மாட்டையோ நகையையோ மீட்டுக் கொடுக்க நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசி வாங்குகிற கூலி. அப்படி வருகிறவரும் வெளுத்த சட்டையோடு, கையில் காய்கறியோடுதான் வருவார். அவர்கள் தந்த நாற்காலியும் காப்பியும் அந்த ஆளுக்குத் தந்தவை.

எனக்குக் காது சுட்டது. நான் பள்ளிக்கூட வாத்தியார், கடிகாரத்தை ராஜாராமன் ஐயாவிடம் விலை கொடுத்து வாங்கினேன் என்றேன். ஹாலாஸ்யம் நிதானமானவர். "மாமனார் போட்ட கடிகாரத்தை ராஜாராமன் ஏன் விற்கணும்? அதைச் சொல்லும், போதும்" என்றார்.

அதைத்தான் ஐயா என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாளுக்குக் காசநோய் என்பது மதுரையில் ஒரு காதுக்குப் போனாலும் உங்கள் தங்கை ஸ்யாமளாவுக்கு ஆவணியில் நிச்சயமாகியிருக்கும் கல்யாணம் நின்றுவிடும் என்று சொல்லி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தீர்கள். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் உங்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். ஆவணி முடிகிறவரை எழுத வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன். நானும் உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அம்மாளை அங்கே விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்து நின்றிருப்பீர்கள்.

பிச்சுமணிக்குச் சிரிப்பு. "திருடினதுக்கும் முகூர்த்தம் பார்ப்பா போலிருக்கே மாமா" என்றான். ஹாலாஸ்யம் அவனை அடக்கிவிட்டு ஒரு முடிவு சொன்னார். ஆவணி வரைக்கும் கடிகாரம் கடையில் இருக்க வேண்டும். நான் சனிக்கிழமை தோறும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் அவர் போலீஸுக்குச் சொல்லிவிடுவார். ஒத்துக்கொண்டேன். வேறு வழி எனக்கு என்ன இருந்தது? எங்கள் ஊர் ஆண்கள் ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டிய குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வாத்தியார் வேலையும் நீங்கள் எழுதின சிபாரிசும் இருப்பதால் எனக்கு மட்டும் விலக்குச் சீட்டு. களவுக் கடிகாரம் என்று ஒரு பேச்சு எழுந்தால் சீட்டும் போகும், வேலையும் போகும்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "நானாவது ராத்திரிக்கு மட்டுந்தான் ஸ்டேஷன்ல படுக்கேன். உன் கடிகாரத்துக்குப் பகல்லயும் விடுதலை இல்லையாக்கும்!" என்று சிரித்தது. சிரித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கக் கிளம்பிப் போனது.

சனிக்கிழமைகளைப் பற்றி எழுத வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குச் சென்னையிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்குத் தந்தியில் நேரம் வருகிறது. பிச்சுமணி ஒரு கடிகாரத்தோடு போய் அந்த நேரத்தை வாங்கிக்கொண்டு வருவான். அதற்காகவே வக்கீல்களும் டாக்டர் ஒருவரும் கடைப் பெஞ்சில் காத்திருப்பார்கள். அவர்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து முள்ளைத் திருப்பிக்கொள்ளும்போது நான் வெறும் பையோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ஹாலாஸ்யம் பெட்டியைத் திறந்து என் கடிகாரத்தை எடுப்பார். சாவி கொடுத்து, நேரம் வைத்து, என் காதருகே ஒரு தரம் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துப் பூட்டுவார். பழுதை முதல் மாதமே சரி பார்த்துவிட்டார். நான் பிரியத்தில் காலையும் மாலையும் சாவி கொடுத்து வந்ததைக் கேட்டு, "குழந்தைக்கே ரெண்டு வேளை எண்ணெய் தேய்க்க மாட்டா. தினம் ஒரே நேரத்தில், ஒரே தரம், ஓய்" என்று திட்டினார். அந்த 'ஓய்' வந்த நாளை நான் மறக்க மாட்டேன். 'வாங்கோ' என்றது பயத்தில். 'ஓய்' என்றது வாடிக்கைக்காரனை.

நான் எதையும் கேட்டு அவசரப்படுத்தவில்லை. விலை என்ன போகும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் பரவையில் மண்டி வைத்திருக்கும் என் மச்சினன் கண்ணுச்சாமியையும் கூட்டிப் போனேன். "மாப்ள, நீங்க சொல்றீங்கன்னுதான் வாரேன்" என்று வந்தவன் மண்டிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினான். அப்போது பிச்சுமணி முகத்தைப் பார்க்க வேண்டுமே! காசு கொடுத்துச் சாமான் வாங்கும் எங்கள் ஊர் உறவுக்காரனை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை போல.

ஆடி கடைசியில் வந்தது சோதனை. பிச்சுமணி காப்பி கிளப்பில் எங்கோ வாயை விட்டிருக்கிறான். புதிதாக வந்த ஏட்டு ஒருவர் ஒரு சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தார். பெஞ்சில் எல்லோரும் இருந்தார்கள். "கீழக்குயில்குடி ஆளு எவன்யா?" என்றார். எழுந்து நின்றேன். விலக்குச் சீட்டை வாங்கிப் பார்த்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். ஹாலாஸ்யத்திடம், இந்த ஆள் கொண்டு வந்த தங்கக் கடிகாரம் யாருடையது என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் மனசு ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாளின் நோயைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அது வக்கீல்கள் காதிலும் விழும். அன்று சாயங்காலமே மாசி வீதி முழுக்கத் தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். வாயைத் திறக்கவில்லை. இனி நானும் ஸ்டேஷனில் அண்ணன் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஹாலாஸ்யம் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுக்காமலே சொன்னார்: "நான் விற்ற கடிகாரம். யாரிடம் இருக்கணுமோ அவரிடம் இருக்கு. வாத்தியார் என் வாடிக்கைக்காரர்."

ரசீது இருக்கிறதா என்றார் ஏட்டு.

"விற்றவனே எதிரே உட்கார்ந்திருக்கேன். ரசீது என்னத்தைப் பேசப் போறது? அவர் சீட்டைக் கொடுத்துட்டுப் போம்."

ஏட்டு பெஞ்சிலிருந்த வக்கீல்களை ஒரு பார்வை பார்த்தார். சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று எல்லோரும் போன பிறகு, என்னை எதனால் நம்பினீர்கள் என்று ஹாலாஸ்யத்திடம் கேட்டேன். "திருடினவன் நல்ல கதையோட வருவான் ஓய். நீர் ஒரு கதையும் இல்லாமல் வந்தீர். நம்புகிற மாதிரி பொய் ஒண்ணு சொல்லியிருந்தால் முதல் நாளே கடிகாரத்தைக் கொடுத்திருப்பேன், அதையும் சொல்லலை" என்றார். பிறகு மூடியின் உள்பக்கத்தில் பழைய குறிக்குக் கீழே ஊசியால் புதுக் குறி ஒன்று போட்டார். இனி இது எங்கோ பழசாக வாங்கினது இல்லையாம், அவர் கடைச் சாமானாம். சட்டைப்பையில் அவரே வைத்துவிட்டார். ஆவணி பிறக்கக்கூட அவர் காத்திருக்கவில்லை.

பிச்சுமணி உங்களுக்குக் கார்டு போட்டதை அன்றுதான் ஒப்புக்கொண்டு மாமாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இப்போது நான் போனதும், "இன்னிக்குத் துப்புக்கூலி எம்புட்டு, பிச்சுமணி?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "ஒரு வாழைத்தார், வாத்தியார் சார்" என்கிறான். அவன்மேல் உங்களுக்கு வருத்தம் வேண்டாம்.

விலக்குச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். பள்ளியில் இந்த வருஷம் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். மழை நன்றாகப் பெய்கிறது, கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. அண்ணனுக்கு விலக்குக் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே கடிகாரம் என்னிடம் இருக்கட்டும் ஐயா. எனக்கு அதனால் வந்த கஷ்டம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உட்கார ஒரு பெஞ்சு வந்தது. மதுரையில் எனக்காகப் பேச ஒரு மனுஷர் வந்தார். வாத்தியார் வேலையும் உங்களால்தான், இதுவும் உங்களால்தான். இந்த நன்றியை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் கதையை இத்தனை நீளமாக எழுதிவிட்டேன்.

ஸ்யாமளா அம்மாள் கல்யாணம் நல்லபடி நடந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அம்மாள் நோயை இனி யாரிடமும் சொல்லலாம் என்கிறீர்கள். நான் இன்னும் சொல்லவில்லை. நேற்றுச் சனிக்கிழமை நான் புறப்படும்போது ஹாலாஸ்யம் கடைக்குப் பின்னால் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். அவர் மனைவி தர்மாம்பாள் அம்மாள் வந்து ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார்கள். "விஜயம் பேருக்கு அம்மன் சந்நிதியில் அர்ச்சனை பண்ணினேன். குங்குமத்தை நீங்க அனுப்பி வையுங்கோ" என்றார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஹாலாஸ்யம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையில் குனிந்துவிட்டார்.

குங்குமத்தை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அம்மாள் நெற்றியில் உங்கள் கையாலேயே இட்டுவிடுங்கள். இட்டுவிட்டேன் என்று ஒரு கார்டு போடுங்கள் ஐயா. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கள் அன்புள்ள
மு. நல்லகாமன்