அழுகிற பிள்ளையின் அம்மா எழக் கூடாது

கொரோனாவால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி ஏறாமல் தைப்பூசம் கழிந்ததே, அந்த வருஷம்தான் மகளே, நீ போனாய். இன்று காலை உன் மகன் குணாவுக்கு டீ ஆற்றினேன். இஞ்சி வாசம் ஏறியதும் உன் சனிக்கிழமைகள் வந்துவிட்டன.

குணாவுக்கு இப்போது முப்பது வயது. அறிவு மூன்று வயதோடு நின்றுவிட்டது. அவன் சிறுவனாக இருந்தபோதே அப்பன்காரன் விட்டுப் போனான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற நான்கு பேரை நீ தேடிப் பிடித்தாய். சனிக்கிழமை மதியம் பிள்ளைகளோடு நம் வீட்டுக் கூடத்தில் உட்காருவீர்கள். உன் சட்டம் ஒன்றுதான்: அழுகிற பிள்ளையின் அம்மா எழக் கூடாது, வேறொருத்தி எழுவாள்.

முதல் வாரமே குணா தலையைச் சுவரில் முட்டினான். நீ பாதி எழுந்துவிட்டாய். சூலியா தெருவிலிருந்து வரும் சாராம்மா உன் தோளை அழுத்தினாள்.

"சட்டம் போட்டவளே எந்திரிக்கிறா பாரு! உக்காருலா, டீ ஆறிப்போவுது."

"அவன் கடிப்பான்க்கா."

"எம்மவ கடிக்காத கடியா? உம்மவன் பல்லு எனக்குப் பஞ்சு."

எல்லாரும் சிரித்தீர்கள். நீ சிரித்துக்கொண்டே அழுதாய். சூடாக டீ குடித்துப் பல வருஷம் ஆயிற்று என்றாய்.

பிறகு கொரோனா வந்து கதவுகள் மூடின. வெளியே போக முடியாமல் குணா அலறினான். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள். நான் கிட்டப் போனால் தள்ளிவிடுவான். ஒவ்வொரு அலறலுக்கும் நீயே எழுந்தாய். "யாராச்சும் ஒரு தடவ எந்திரிக்க மாட்டாங்களாப்பா?" என்றாய். அந்த வாரமே உனக்கு நெஞ்சு அடைத்தது.

இப்போது குணா என்னைத் தள்ளுவதில்லை. ஆனால் அவன் கனத்தை என் கை தாங்கவில்லை. போன வாரம் குளிப்பாட்டும்போது இருவரும் வழுக்கி விழுந்தோம். அவன் விளையாட்டென்று சிரித்தான். நான் ஈரத் தரையில் கிடந்தபடி, இவன் எனக்கு முன்னால் போய்விடட்டும் என்று வேண்டினேன். எந்தத் தாத்தா இப்படி வேண்டுவான்?

சாராம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"தொழுதுட்டு நானும் அதத்தாம்ப்பா கேக்குறேன், எம்மவளுக்கு."

"நமக்கப்புறம் யாரும்மா?"

"தெரியலப்பா."

உன் கூட்டத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். குணா அழுதால் எழுந்து வர மிச்சமிருப்பவள், எழுத்தறியாத நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள், சாராம்மா ஒருத்திதான்.