நம் வீட்டின் முதல் ஆள்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூரு.

அன்புள்ள சோனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் கார்ப்பரேஷன் வண்டியில் ஏறி இறங்கும்போது முனகுகிறார், லீவு போடச் சொன்னால் கேட்பதில்லை. இனி சொல்லப்போவதைப் போனில் சொன்னால் சாரிம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மேடையில் பேசிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். டாக்டர் பட்டம் வாங்கியவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஏன் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும் என்று பக்கத்து வீட்டு யசோதா கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை. வீடியோ பார்த்ததும் புரிந்தது. நம்மை மாதிரி வீட்டுப் பிள்ளைகளும் லேபுக்கு வரலாம், அங்கே விஞ்ஞானி வேலை மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ வேலை இருக்கிறது என்று நன்றாகத்தான் சொன்னாய். ஆனால் நடுவில், எங்கள் குடும்பத்தில் லேபுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான் என்றாய். அதோடு விட்டாயா, உனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த ஜெர்மன் மேடத்தைக் காட்டி, லேபில் எனக்கு அம்மா இவர்தான் என்றாய். வயிறு எரிந்தது சோனியா, பொய் சொல்ல மாட்டேன். அந்த மேடம் மேல் பொறாமை, கை தட்டினவர்கள் மேல் பொறாமை, உன் மேலேயே பொறாமை.

பத்தொன்பது வருஷமாக இங்கே ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட்டில் குடுவை கழுவுகிறேனே, அது லேப் இல்லாமல் கல்யாண மண்டபமா? நோய் ஆராய்ச்சிக்குச் செல் வளர்க்கிற குடுவையில் துளி சோப்பு இருந்தாலும் செல் செத்துவிடும், குழாய்த் தண்ணீரில் ஏழு அலசல், சுத்திகரித்த தண்ணீரில் மூன்று அலசல் என்று, ஸ்கூல் விட்டு யூனிஃபார்மோடு என் பக்கத்தில் வந்து நின்ற உனக்கு யார் சொன்னது? ஒரு வருஷம் புது சோப்புத்தூள் வாங்கி எல்லா லேபிலும் செல் செத்து, படித்தவர்கள் ஆளாளுக்கு எதை எதையோ குறை சொன்னபோது, இந்த வழுவழுப்பு அலசினாலும் போகவில்லை என்று மேனேஜர் டென்சில் சாரிடம் சொன்னது யார்? சோப்பை மாற்றியதும் செல் பிழைத்தது, ஆனால் அதைப் பற்றிப் பேசிய மீட்டிங்கில் என் பேர் வரவில்லை. அப்போது எனக்கு வலிக்கவில்லை, அவர்கள் வெளி ஆட்கள். நீ என் பெண்.

போன வெள்ளிக்கிழமை கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைகள் லேபைப் பார்க்க வந்தார்கள். இங்கே வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் அவர்களிடம் பேச வேண்டுமாம், சரளாம்மா நீங்களும் வாங்க என்றார் டென்சில் சார். வேறு நாளாக இருந்தால் ஓடி ஒளிந்திருப்பேன். உன் மேல் இருந்த எரிச்சலில் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். பாதி கன்னடம், பாதி தமிழ். குடுவையைக் கொண்டுபோய் அலசியே காட்டினேன். ஒரு பெண் எழுந்து, உங்க வீட்டில் வேறு யாராவது லேபில் இருக்காங்களா ஆன்ட்டி என்று கேட்டாள். உன் பேரைச் சொல்லக் கூடாது என்று பிடிவாதமாகத்தான் இருந்தேன், வாய் கேட்கவில்லை. இருக்கா, என் பொண்ணு சோனியா, எங்க வீட்டுல லேபுக்குள்ள வந்த ரெண்டாவது ஆள் என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எடுத்த வேலையில் நீ நல்ல பேர் வாங்கி நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அடுத்த தடவை மேடை ஏறும்போது மட்டும் வரிசையைச் சரியாகச் சொல்.

உனக்கு முன்னால் வந்தவள்,
அம்மா சரளா