பாடு இல்லாதவள்

இல்லை, கழுவவில்லை. உன் கான்வாஸ் ஷூ இரண்டும் எங்கள் வாசலில் நீ கழற்றிவிட்டபடியே, அடியில் காய்ந்த சேற்றோடு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. பயம்தான் காரணம். வேறொன்றுமில்லை.

இந்த வாரம் கட்டடத்தில் சூடேற்றும் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். அறை சூடானதும் பையிலிருந்து வாசனை கிளம்பியது. ஏரிச் சேறு. உப்பு, பாசி, இறால் ஓடு. உன் நாட்டில், மூன்றாவது மாடியில், பழவேற்காட்டு வாசனை. ஜன்னலைத் திறந்தேன். கீழே கால்வாய். அசையாத தண்ணீர். மூடிவிட்டேன்.

வலைக்காரர் மகள் நான். எனக்குத் தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நீ எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்த அதே பரிமாற்றத் திட்டத்தில்தான் நான் உன் ஊருக்கு வந்திருக்கிறேன். உனக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் தங்கிப் படிக்கும் இளைஞர்களுக்கு அறிவுரை. முதல் அறிவுரை: எங்கே போனாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. இரண்டாவது: உள்ளூர் மக்களின் வழக்கத்தை மதித்து நட. நீ இந்த இரண்டையும் விடுதியில் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும் என்று அன்று நம் இருவருக்கும் தோன்றவில்லை.

*

நீ எங்கள் வீட்டுக்கு வந்தது கல்லறைகளுக்காக. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும் என்பதால் சின்ன வயதில் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. உன்னோடுதான் முதலில் உள்ளே போனேன். நீ மண்டியிட்டு, பழைய பல்துலக்கியால் எழுத்துகளைத் தேய்த்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாய். பாதிப் பேர் நம் வயது. கப்பலில் வந்தவர்கள்.

"இவங்க எல்லாம் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்ஸ்" என்றாய், உன் தமிழில். "ஆனா யாரும் திரும்பிப் போகல."

சிரித்தோம். 

டீக்கடை பாய் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார். "இன்னா டச்சம்மா, உங்க தாத்தாவோட கோட்டைய எடுத்துனு போவ வந்தியா?" கோட்டை இருந்த இடத்தில் முள்தான் இருக்கிறது. மூன்றாவது நாள் நீ பதில் தயாராக வைத்திருந்தாய். "முள்ள நீங்க வெட்டிக் குடுங்க பாய், நான் எடுத்துனு போறேன்." அன்றைக்கு டீக்கு அவர் காசு வாங்கவில்லை.

அம்மாவுக்குத்தான் உன்னோடு ஒரு பிரச்சினை. நீ தினமும் காலையில் வாசலில் நின்று, புத்தகத்தில் சொன்னபடி, ஒழுங்காக அறிவிப்பாய். "நான் கல்லறைக்குப் போறேன். ஒரு மணிக்கு வருவேன்." அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

"வெள்ளிக்கிழமை காலைல கல்லறைக்குப் போறேங்குது பாரு" என்று என்னிடம் முறையிடுவாள். பிறகு உன்னிடம் மெதுவாக: "போறேன்னு சொல்லக் கூடாது பாப்பா. வரேன்னு சொல்லு. தண்ணிக்குப் போறவங்கள எங்கன்னு கேக்கவும் கூடாது. கேட்டா போற காரியம் கெட்டுடும்."

"போறவங்க ஏன் வரேன்னு சொல்றாங்க?" என்று நீ கேட்டாய்.

"வரணும்ல" என்றாள் அம்மா.

நீ அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். அடுத்த நாள் எங்கே போகிறாய் என்று சொல்லவில்லை. "வரேன்" என்று மட்டும் சொன்னாய். அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம்ம வீட்டுப் பொண்ணாயிட்டா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் பெருமைதான். விருந்தாளி ஊரோடு சேர்ந்துவிட்டாள்.

*

எங்கள் வழக்கத்துக்குப் பின்னால் இருந்த ஒன்றை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது. இங்கே வந்து, இந்த அறையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன்.

ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர்கூடிச் சீட்டுப் போட்டு முன்பே வைத்துவிடுவார்கள். இன்றைக்கு என் நைனா எந்தப் பாட்டில் நிற்கிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், டீக்கடை பாய்க்கும் தெரியும். அதனால்தான் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பது அங்கே ஆபத்தில்லை. எல்லோருக்கும் பதில் முன்பே தெரிந்த கேள்வி அது.

உனக்குப் பாடு இல்லை.

உனக்கு எங்கள் வாயை மூடும் வழக்கத்தை மட்டும் கொடுத்தோம். அதற்கடியில் இருந்த தண்ணீரின் வரைபடத்தைக் கொடுக்கவில்லை.

*

அன்று காலை. நீ வாசலில் ஷூவைக் கழற்றினாய். நான் படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். வெறுங்காலோடு போகிறாய், அதனால் ஏரிக்குத்தான் போகிறாய் என்று தெரிந்தது. எந்தப் பக்கம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அம்மா உள்ளே அடுப்பருகில் இருந்தாள். கேட்கவில்லை.

"வரேன்" என்றாய்.

மதியம் காற்று திரும்பியது. நைனா கரைக்கு வந்ததும் நீ இல்லை என்று சொன்னோம்.

"எந்தப் பக்கம் போச்சு பொண்ணு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எந்தப் பக்கம்னு கேட்டீங்களா இல்லியா?"

"கேக்கலயே" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படிச் சுருங்கி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நான்தான் வடக்கே என்று சொன்னேன். முந்தின நாள் நீ பூநாரைகளைப் பற்றிப் பேசியிருந்தாய். அவை வடக்கே மேய்கின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அத்தனை படகும் வடக்கே போயிற்று. வெளிச்சம் இருந்த நேரமெல்லாம் வடக்கே போயிற்று.

நீ கிழக்கே, முகத்துவாரத்தில், தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மணல் திட்டுக்கு நடந்து போயிருந்தாய். உன் நோட்டில் பிறகு பார்த்தேன். கல்லறையில் இருந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கிக் கரையேறிய வழியைக் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை என்னிடமும் ஒருமுறை சொல்லியிருக்கிறாய், பல்துலக்கியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த மதியம் அது நினைவுக்கு வரவில்லை. பூநாரைதான் வந்தது.

மறுநாள் காலையில் கிடைத்தாய்.

உன் பெட்டி, புத்தகங்கள் எல்லாம் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஷூவை மட்டும் அம்மா யாரையும் தொட விடவில்லை. நான் கிளம்பும்போது அவளே எடுத்துப் பையில் கட்டினாள். "அவங்க அம்மா கைல குடு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் எங்கே தங்குவேன், எப்படிப் போவேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

*

உன் அம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வா என்றார். ரயிலில் ஒரு மணி நேரம். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: அன்று காலை என் மகள் என்ன சொல்லிவிட்டுப் போனாள்?

முதல் ஞாயிறு பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். என்னோடு தங்கியிருக்கும் பெண் சமையலறையிலிருந்து சாதாரணமாகக் கேட்டாள், எங்கே போகிறாய் என்று. கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். அப்படித்தான் எனக்குப் பழக்கம். பிறகு எழவே இல்லை. உடம்பு சரியில்லை என்று உன் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டாவது ஞாயிறும் அந்தப் பெண் அதையே கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நானும் உட்கார்ந்தேன்.

சகுனத்துக்குப் பயப்படவில்லை. உன் அம்மாவுக்குப் பயப்படுகிறேன். அவருடைய மொழியில் 'வரேன்' என்பதை எப்படிச் சொல்வது? திரும்பி வருகிறேன் என்று சொன்னாள் என்றால் அது உண்மை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளெல்லாம் வாழ்ந்துவிடலாம். ஆனால் அது நாங்கள் சொல்லிக்கொடுத்த சொல். அதைச் சொல்ல வைத்துத்தான், எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போகும் உன் பழக்கத்தை உன் வாயிலிருந்து எடுத்தோம். அதைச் சொன்னால் பிறகு வடக்கே என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் இங்கே வரப்போகிற பெண் ஒருத்தி நம் துறையிலிருந்து எழுதியிருக்கிறாள். என்னக்கா எடுத்து வரணும், எப்படி நடந்துக்கணும்? குளிருக்கு உடை, குக்கர், ஊறுகாய் என்று எழுதினேன். பிறகு இப்படி எழுதினேன்: அந்த ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொள், ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாதவரை உன் வழக்கத்தைக் கீழே போடாதே. அழிக்கவும் முடியவில்லை. அனுப்பவும் முடியவில்லை. உன் அம்மாவிடம் சொல்லாததை அவளிடம் அறிவுரையாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

இரவல் வாங்கிய சொல் ஒன்று உன்னிடமிருந்து என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. வீட்டை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் வாயில் வருகிறது. வந்ததும் உன் வெறுங்கால்கள் தெரிகின்றன.

*

இதுவரை எழுதி முடித்தபோது மூன்றாவது ஞாயிறு விடிந்திருந்தது. பையை எடுத்தேன். சமையலறையில் அந்தப் பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்பதற்கு முன் நான் சொன்னேன்: எந்த ஊர், யார் வீடு, எந்த ரயில், எத்தனை மணிக்குத் திரும்புவேன். அவள் விசித்திரமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஒரு தாளிலும் எழுதிக் கதவில் ஒட்டினேன். பிறகு கால்வாய் ஓரமாகவே நடந்து போய் ரயில் ஏறினேன்.