பச்சைக் குடில் நின்ற இடம்

ஜனவரி 11
ஏரியில் ஐஸ் பதினோரு அங்குலம். படகுத்துறைப் பலகையில் எழுதிவிட்டு வந்தேன். பத்தொன்பது வருடமாக நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. இன்று கிடைத்த மீன், ஒன்பது கிராப்பி, நான்கு சன்ஃபிஷ். என் வீட்டுக்காரி மார்லிஸ் பிஸ்கட் தூளில் புரட்டிப் பொரித்தாள்.

ஜனவரி 14
நான் ஒரு மீனைத் தூக்கினால் போதும், ஏரியில் இருக்கிற, ஐஸில் துளைபோடும் இயந்திரமெல்லாம் என் பக்கத்தில் வந்து உறுமுகிறது. அந்தச் சத்தத்தில் எந்தக் கிராப்பி நிற்கும்? இருப்பதிலேயே மோசம் எதிர்வீட்டு ஜோலீன். என் வாளியை ஒட்டித் தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பெரியவரே, வீட்ல மார்லிஸ் தொல்லைன்னு இங்க ஓடி வந்தா, இங்கயும் ஒருத்தியான்னு பாக்கறீங்களா?"

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 16
ஐஸ்மேல் உட்கார்ந்து மீன்பிடிக்கிற என் பச்சைக் குடிலைக் கிழக்குக் கரைக்கு இழுத்துப் போய் நிறுத்தினேன். தெருவில் ஓடும் தண்ணீர் குழாய் வழியாக ஏரியில் வந்து விழுகிற மூலை அது. அங்கே வெறும் சேறு, மீன் கிடையாது. உள்ளே ரேடியோவைப் பாடவிட்டுக் கதவைச் சாத்தினேன். நான் இந்தப் பக்கம், மேற்கே நாணல் ஓரமாக, யார் கண்ணிலும் படாமலிருக்க வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்குள் குடிலைச் சுற்றி பதினோரு பேர்! ஒருவனுக்கும் ஒன்றும் சிக்கவில்லை. ஜோலீனும் அங்கேதான். மார்லிஸிடம் சொல்லிச் சிரித்தேன். "அறுபத்தாறு வயசாச்சு உனக்கு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அங்கே ஐஸ் பத்து அங்குலம். அளந்து பார்த்துத்தான் நிறுத்தினேன்.

பிப்ரவரி 3
பத்து கிராப்பி. அதற்கு மேல் அனுமதி இல்லை. ஏரியின் இந்தப் பாதியில் நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 9
மூன்று நாளாக உருகுகிறது. தெருவெல்லாம் தண்ணீர். முப்பத்தொரு வருடம் இந்தத் தெருக்களில் நகராட்சி லாரியில் பனி உருக உப்புத் தூவியவன் நான். அந்த உப்புத் தண்ணீர் எந்தக் குழாயில் போய் விழும் என்று எனக்குத் தெரியாதா? மேலே பார்த்தால் ஐஸ் அப்படியே இருக்கும், அடியிலிருந்து தின்றுகொண்டே வரும். குடிலை இழுத்துவிட வேண்டும். நாளைக்கு. இன்று மீன் நன்றாகக் கடித்தது, எழுந்திருக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 10
இழுக்கவில்லை.

பிப்ரவரி 12


இரண்டு மணி இருக்கும். கிழக்கே ஒரு அலறல். குடிலுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்த ஜோலீனின் சிவப்புத் தொப்பியைக் காணோம். சாமான் இழுக்கிற சறுக்குப் பலகையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். ஜோலீன் மார்பளவு தண்ணீரில். தவறி விழுந்தால் ஏறிவருவதற்கென்று கழுத்தில் மாட்டியிருந்த கூர் ஆணி இரண்டையும் ஐஸில் குத்திக் குத்தி, பாதி உடம்பை வெளியே கொண்டுவந்திருந்தாள். குப்புறப் படுத்துக் கயிற்றை வீசினேன். பிடித்துக்கொண்டாள்.

வண்டியில் ஹீட்டரை முழுதாகப் போட்டேன். உதடு நீலம். பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, அப்போதும் பேசுகிறாள். "உங்க குடில் நிக்குதேன்னு அளக்காமப் போய்ட்டேன், ஆர்வின். நீங்க நிக்கிற எடத்துல ஐஸை எவன் அளப்பான்?"

ஹீட்டர் காற்றை அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

பிப்ரவரி 13
ஜோலீனைக் காப்பாற்றினேன் என்று காலையிலிருந்து கேக்காக வந்து குவிகிறது. தீயணைப்பு நிலையத்துக்காரர் போன் செய்தார் — அடுத்த வாரம் சனிக்கிழமை சர்ச் விருந்தில் எனக்குப் பாராட்டுப் பத்திரமாம்.

"கேக்கை வெட்டவா?" என்றாள் மார்லிஸ். வேண்டாம் என்றேன்.

"ஜோலீன்கிட்ட நீயா சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

பிப்ரவரி 14
ஜோலீனுக்கு இடது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்தே இருக்கிறதாம். சே, என்ன மனிதன் நான்! ஒரு வாளி மீனுக்காக.

பிப்ரவரி 15
ஜோலீனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோ, குழாய், ஒன்பதாம் தேதியே எனக்குத் தெரியும் என்பது, எல்லாம்.

அவள் கட்டுப்போட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பக்கத்துல உக்காருறது பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே. எந்திரிச்சுப் போயிருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போங்க ஆர்வின். இப்பப் போங்க."

தீயணைப்புக்காரரிடமும் காரணத்தைச் சொல்லிப் பத்திரம் வேண்டாம் என்றேன். 

பிப்ரவரி 22
ஒரு வாரமாகக் கடுங்குளிர், எல்லாம் மறுபடி இறுகிவிட்டது. நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு குடிலைப் பெயர்த்தேன். நேராக நாணல் ஓரத்துக்கு இழுத்து வந்து, என் துளைகளின் மேலேயே நிறுத்தினேன். வாசலில் துளைபோட்டு அளந்தேன். பலகையில் எழுதினேன்: "மேற்கு நாணல் ஓரம், பதின்மூன்று அங்குலம். கிராப்பி இங்கேதான் இருக்கிறது. கிழக்குக் குழாய்ப் பக்கம் யாரும் போகவேண்டாம்."

மார்லிஸ் வந்து படித்துப் பார்த்தாள்.  ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தாள்.

பிப்ரவரி 24
என்னைச் சுற்றி இருபது பேர். எனக்கு இரண்டே சன்ஃபிஷ். ஜோலீன் வரவில்லை.

மார்ச் 1
நாளை மறுநாளைக்குள் குடில்களை ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கடைசி ஞாயிறு. கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து சிவப்புத் தொப்பி வருகிறது. பத்து அடி நடக்கிறாள், நிற்கிறாள், துளை போடுகிறாள், குனிந்து அளக்கிறாள். மறுபடி பத்து அடி. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். என் வாசலுக்கு வந்து சேர அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அளந்த துளைக்கு ஒரு சாண் தள்ளி, கடைசியாக ஒன்று போட்டு அளந்தாள்.

"பதிமூணு இல்ல. பன்னெண்டரை."

வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். அவளுக்கு ஏழு கிராப்பி, எனக்கு மூன்று. வீட்டுக்கு வரும் வழியில், பலகையில் இருந்த பதின்மூன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டரை என்று எழுதினேன்.