கோபுரம் ஒரு சாக்கு

ஆவணி 10, புதன்

காலையில் வார்டில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஏரிக்கரையில் மாநகராட்சி நான்கு மாடிக் குடியிருப்பு கட்டப் போகிறது. அம்மா இருக்கும் காலனிக்காரர்களுக்குத்தான் அதில் வீடு. நான் குடியிருக்கும் வீட்டின் ஓனரும் அவர் மனைவியும் கூப்பிட்டதால் போனேன்.

ஓனர்தான் முதலில் எழுந்தார். "அவ்ளோ உசரம் கட்டுனா எங்க தெருவுலேர்ந்து கோபுரம் தெரியாது சார். தினமும் பாத்து கும்பிட்டுக்கினு இருக்கோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தெருவில் இப்போதே கோபுரம் தெரியாது. அவருடைய ஐந்து மாடி லாட்ஜ் மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஓனர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோபுரம் ஒரு சாக்குதாம்மா. அந்த ஆளுங்க பக்கத்துல வந்தா நாம எப்டி இருக்கறது? உன்ன மாதிரி நல்ல குடும்பமா இருந்தா நாங்க ஏன் வேணான்றோம்?"

குடிவந்தபோது சுற்றி வளைத்து என்னென்னவோ கேட்டார்கள். நான் என் உத்தியோகத்தை மட்டும் சொன்னேன். இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்றுதான் வந்தது. சீ. அவள் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவ வேண்டியது கை இல்லை.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "கூட்டத்துல நமக்காக யார்னா பேசுனாங்களாமா?"

"யாரும் பேசலம்மா."

"ஏன், நீ போவலியா?"