மின்விசிறியைப் பிடிக்கும்

மார்ச் 3
என் சீன மனைவியின் முதல் கல்யாணத்து மகள் இங்கே வந்து நான்கு நாள். ஆறு வயது. பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள், சீனம் மட்டும்தான் தெரியும். நான் வைத்த பாலைத் தள்ளிவிட்டு "பூ ஷிஹுவான்" என்றாள். என்னோடு பேசிய முதல் பேச்சு. பிடிக்கவில்லையாம். பாலையா, என்னையா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 4
மனைவி சொல்லிக்கொடுத்தாள். 'வோ ஷிஹுவான்' என்றால் எனக்குப் பிடிக்கும். பின்னால் பிடித்ததன் பெயரைச் சேர்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே நாள் முழுக்க முணுமுணுத்தேன். என்ன மந்திரம் என்றார் முதலாளி.

மார்ச் 7
எனக்கு எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். மஞ்சள் சீட்டுகளில் தமிழிலேயே 'வோ ஷிஹுவான்' என்று எழுதி, மின்விசிறி, குடை, செருப்பு என்று கண்டதிலெல்லாம் ஒட்டினேன். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சத்தமாகச் சொல்கிறேன். பின்னாலேயே வருகிறாள். சிரிக்கவில்லை. ஆனால் வருகிறாள்.

மார்ச் 11
"செருப்பக் கூடப் பிடிக்குதாம், என்னை மட்டும் ஏன் பிடிக்கலன்னு கேக்கிறா," என்றாள் மனைவி.
சோறு இறங்கவில்லை. எங்க வீட்ல யார் யாரைப் பார்த்து இதைச் சொன்னாங்க? பிடிச்சா தட்டுல இன்னொரு கரண்டி போடுவாங்க, அவ்வளவுதான். நானும் தினம் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன் — அது அவளுக்கு எப்படித் தெரியும், மடையா?

மார்ச் 12
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பென்சில் சீவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். "வோ ஷிஹுவான் நி." உன்னைப் பிடிக்கும் என்று. அவள் நிமிரவே இல்லை, வரைந்துகொண்டே இருந்தாள். உச்சரிப்பு தப்போ? சரியாகத்தான் சொன்னேன் என்கிறாள் மனைவி. அப்புறம் என்ன? அவளுக்கு என்னைப் பிடித்தாக வேண்டும் என்று சட்டமா?

மார்ச் 14
காலையில் செருப்பு மாட்டும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடினாள். விளையாட்டு என்று நினைத்தேன். பஸ்ஸில் யாரோ பின்னால் சிரித்தார்கள். கடையில் முதலாளிதான், "முதுகுல என்னய்யா இது?" என்று பிய்த்துக் கொடுத்தார்.
மஞ்சள் சீட்டு. நான் எழுதியதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறாள், தமிழில் ஓரெழுத்துகூடத் தெரியாதவள். 'வோ' ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் லென்ஸைக் கையில் எடுக்க முடியவில்லை.
முதலாளியிடமே கொடுத்து மறுபடி முதுகில் ஒட்டச் சொன்னேன். அப்படியேதான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.